மூன்றாவது வளைவில் விழுந்துகொண்டிருந்தவன்

செம்மாங்குழி ரேஸ் ட்ராக்கின் மூன்றாவது வளைவில், தரையிலிருந்து ஏழடி உயரத்தில், தண்டபாணி விழுந்துகொண்டிருந்தான். விழ ஆரம்பித்து இருபத்தேழு வருடமும் ஏழு மாதமும் ஆகியிருந்தன. அவனை அங்கே நிறுத்தியவன் நான். பெயர் சென்னியப்பன், தொழில் போட்டோ எடுப்பது, வயது அறுபத்திரண்டு, இடது முட்டியில் தீராத வலி. எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் நிறுத்தி நீ யார் எவர் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

ரேஸ் வண்டியைப் படமெடுக்க ஒரு முறை இருக்கிறது. வண்டி வருவதற்கு முன்பே கேமராவைக் கண்ணில் வைத்து, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, அதன் வேகத்திலேயே கூடவே போய், ஷட்டரை மெதுவாகத் திறந்து மூடி, மூடின பிறகும் நிற்காமல் இன்னும் கொஞ்ச தூரம் அதோடேயே போய் வழியனுப்பிவிட்டு வர வேண்டும். அப்போதுதான் ஆள் தெளிவாகவும், சக்கரம் சுழல்வதாகவும், பின்னாலிருக்கிற மரமும் ஜனமும் கோடுகோடாக ஓடுவதாகவும் படத்தில் விழும். சோம்பேறிகளுக்கு வேறொரு வழி உண்டு. ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்துப் பட்டென்று அடித்தால் நூற்றிருபதில் வருகிற வண்டி அப்படியே நின்றுவிடும், சக்கரத்தின் கம்பிகளை எண்ணலாம், ஸ்டாண்டு போட்ட வண்டி மேல் ஒருத்தன் சும்மா ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். செம்மாங்குழிக்காரர்கள் அதை 'நிக்க வெச்ச படம்' என்பார்கள், கிட்டத்தட்ட கெட்ட வார்த்தையாக. அப்படி ஒரு படம் பேப்பரில் வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க அந்தப் பையன் வெளியே தலைகாட்ட மாட்டான்.

அந்த ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நான் சோம்பேறியானேன். சென்னையில் ஒரு பத்திரிகை, அட்டைப்படத்துக்குத் தண்டபாணி வேண்டும், பெட்ரோல் டேங்க் மேல் இருக்கிற எழுத்து ஒவ்வொன்றும் படிக்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டிருந்தது. அட்டைப்படம் என்றதும் புத்தி கெட்டுப்போய் ஷட்டரை ஆயிரத்துக்குத் திருப்பினேன். தண்டபாணி முதலாவதாக வந்தான், வளைவில் படுத்தான், முன்சக்கரம் மணலில் வழுக்கியது, வண்டி ஒரு பக்கம் போக அவன் மேலே எகிறினான், நான் அடித்தேன். மற்ற பதினோரு வண்டிகளும் கடந்து போயின, அவன் வண்டி உருண்டு ஓய்ந்தது, தூசி அடங்கியது, தண்டபாணி மட்டும் தரைக்கு வரவில்லை. இடது கையைத் தரை பிடிக்க நீட்டி, வலது காலை மடக்கி, ஹெல்மெட்டோடு தலை லேசாகச் சாய்ந்து, ஏழடி உயரத்தில் அப்படியே இருந்தான்.

நான் கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், கிடைத்த பஸ்ஸில் ஏறி, அது போய் நின்ற ஊரிலிருந்து இன்னொரு பஸ் ஏறி, ஓசூரில் இறங்கினேன். அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கடை வைத்தேன். உட்கார்ந்திருக்கிற ஆட்களை மட்டும்தான் எடுப்பேன், கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை "அசையாதீங்க" என்று சொல்லி வயிற்றைக் கழுவினேன்.

நான் ஓடிப்போன பிறகு நடந்ததைப் பலர் பலவிதமாகச் சொன்னார்கள், சேர்த்துச் சொல்கிறேன். முதல் வாரம் கிரேன் வந்தது, கயிறு வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது; இழுத்தார்கள், தள்ளினார்கள், ஓர் அங்குலம் நகரவில்லை. டாக்டர் ஒருத்தர் ஏணி வைத்து ஏறி, லெதர் சூட்டின் ஜிப்பை இறக்க முடியாமல் அதன் மேலேயே குழாயை வைத்து அரை மணி நேரம் கேட்டுவிட்டு இறங்கி, "ஒரு 'லப்' கேட்டுச்சு, 'டப்'புக்கு இன்னும் நேரம் வரல, அவசரப்படாதீங்க" என்று சொல்லிப் போனார். இரண்டாவது வாரம் அவனைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள், மூன்றாவது வாரம் அந்த ஜனங்களைப் பார்க்கப் பொரிகடலைக்காரர் வந்தார், நான்காவது வாரம் மழை பிடித்துக்கொண்டது, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள், அதன் பிறகு தண்டபாணி விழுந்துகொண்டிருப்பது ஊரின் மற்ற வேலைகளோடு ஒரு வேலையாகிவிட்டது.

ட்ராக் கமிட்டி கூடி, ஆள் இன்னும் விழுந்து முடியாததால் மூன்றாவது வளைவில் நிரந்தரமாக மஞ்சள் கொடி என்று தீர்மானம் எழுதியது. மஞ்சள் கொடி என்றால் முன்னால் விபத்து, யாரும் யாரையும் முந்தக் கூடாது என்று அர்த்தம். அங்கே கொடி பிடிக்கிறவர் குப்பண்ணன். வாரத்தில் ஆறு நாள் பஞ்சு மில், ஏழாம் நாள் ட்ராக். ரேஸ் நடந்த ஒரு ஞாயிறுகூட அவர் கொடியைக் கீழே வைத்ததில்லை. காட்டில் களை பறிக்கிற பெண்கள், தண்டபாணியின் நிழல் கம்பிவேலியைத் தொட்டால் சோற்றுப்போசி திறக்கிற நேரம் என்று கண்டுகொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது பயபக்தியோடு கற்பூரத்தைக் கொண்டுவந்து ஏற்றினால் அவன் மனைவி வசந்தாமணி விளக்குமாற்றோடு வந்துவிடுவாள். "என்ற ஊட்டுக்காரரு சாமியுமில்ல பேயுமில்ல. ரேஸ்ல இருக்கறாரு. இன்னும் மூணு லேப் பாக்கி. இங்க ஆராச்சும் ஊதுவத்தி கொளுத்துனீங்கன்னா பாத்துக்கங்க!"

அவன் விழ ஆரம்பித்தபோது அவள் ஐந்து மாதம். ஐப்பசியில் பெண் பிறந்தது, தாரணி என்று பெயர் வைத்தாள். முப்பது நாள் கழிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏணி வைத்து ஏறி, தரை பிடிக்க நீட்டியிருந்த அவன் இடது கையில் பழைய சேலையைக் கட்டித் தொட்டில் போட்டாள். கிரேனுக்கே அசையாத கை, குழந்தைக்கா அசையப் போகிறது? காற்றடித்தால் தொட்டில் தானாக ஆடும், பயிற்சிக்கு வருகிற வண்டிகளின் இரைச்சல்தான் தாலாட்டு. வெயில் ஏறினால் அப்பனின் உடம்பு குழந்தைக்கு நிழல். செம்மாங்குழியில் இதை யாரும் அதிசயமாகச் சொல்ல மாட்டார்கள். "அவிய அப்பாகிட்டப் புள்ள தூங்குது, சத்தம் போடாதீங்க" என்றுதான் சொல்வார்கள்.

மிச்சமிருக்கிற ஏழடியை அவன் எந்த நேரத்திலும் விழுந்துவிடலாம் என்பதால் ஊரில் ஒரு வழக்கம் வந்தது. மழைக்காலத்தில் நனைந்து கெட்டதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தை மாதமும் புதிதாகப் பஞ்சு மாற்றுவார்கள். மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு மூட்டை மூட்டையாக வரும், வீட்டுக்கு ஒரு மெத்தையோ தலையணையோ வரும், புதிதாகக் கல்யாணமாகி ஊருக்குள் வந்த பெண்கள் தங்கள் சீரில் வந்த மெத்தையையே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கல்லூரியில் பௌதீகம் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தர் கணக்குப் போட்டு, இவன் இருக்கிற வேகத்துக்கு முப்பதடி தள்ளி விழுவான் என்றார். முப்பதடிக்குப் போட்டார்கள். படித்தவர் சொன்னதாயிற்றே என்ற சந்தேகத்தில் அதற்கு மேலும் நாற்பதடி போட்டார்கள். மாடு மேயக் கூடாது என்று சுற்றிலும் வேலி கட்டி, போகிறவர் வருகிறவரெல்லாம் கையை விட்டு, பஞ்சு இறுகிப் போகாமல் உதறிவிட்டுப் போவார்கள்.

நான் இதொன்றும் தெரியாமல் ஓசூரில் ஜனங்களை அசையாமல் உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் ஒரு பெண் வந்தது. இருபத்தாறு இருபத்தேழு வயது, பம்ப் கம்பெனியில் வேலை என்று கழுத்தில் தொங்கிய அட்டை சொன்னது. ஸ்டூலில் உட்கார்ந்து, நேராக என் லென்ஸைப் பார்த்தது.

"அசையாதீங்கம்மா" என்றேன்.

"எங்கப்பாகிட்டயும் இதேதான் சொன்னீங்களா சார்?"

கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நெற்றியும் தாடையும் யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உனக்கு யாரு சொன்னா?"

"குப்பண்ணன் மாமா. உங்க கேமரா சத்தமும் எங்கப்பா நின்னதும் ஒண்ணா இருந்துச்சாம். அன்னைக்கே அவருக்குத் தெரியும். நீங்க ஓசூர்ல இருக்கறதும் தெரியும்."

"தெரிஞ்சும் இத்தன வருசமா ஏன் யாரும் என்னைத் தேடி வரல?"

"அம்மா வேண்டாம்னுட்டாங்க" என்றது. ஏன் என்று நான் கேட்பதற்குள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டது. "சார், எங்கப்பாவுக்கு வயசு இருபத்தேழு வருசம், மூணு மாசம், ஒம்பது நாள். அதுக்கு மேல ஆகல. வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு இருபத்தேழு வருசம், மூணு மாசம், எட்டு நாள். திங்கக்கெழம ரெண்டு பேரும் சமம். செவ்வாக்கெழம நான் எங்கப்பாவ விட மூத்தவ."

"அதனால என்னம்மா?"

அதற்குக் கோபம் வந்துவிட்டது. "அதனால என்னவா? எனக்குப் பத்து வயசுல அவரு அப்பாவா இருந்தாரு சார். இருவதுல அண்ணன் மாதிரி ஆனாரு. இப்ப பாத்தா கூடப் படிச்ச பையனாட்ட இருக்கறாரு. செவ்வாக்கெழம தம்பி ஆயிருவாரு. தம்பியப் போயி எப்படி சார் அப்பானு கூப்பிடறது? ஞாயித்துக்கெழம எறங்கிட்டாருன்னா அதுக்கப்பறம் ரெண்டு பேருக்கும் ஒண்ணா வயசாகும். சாகற வரைக்கும் எங்கப்பா என்னைய விட ஒரு நாள் மூத்தவரா இருப்பாரு. ஒரு நாள் போதும் சார். நான் அதிகமாக் கேக்கல."

இதற்கு மேல் ஒருத்தன் ஓசூரில் உட்கார்ந்திருந்தால் அவன் மனுஷனா? இரும்புப் பீரோவின் அடியில் துண்டில் சுற்றிக் கிடந்த அந்தக் கேமராவை எடுத்தேன். அன்று அதில் இருந்த ஃபிலிமைக் கழுவப் பயந்து வெளியே எடுக்காமலே வைத்திருந்தேன். கழுவினால் அவனுக்கு என்ன ஆகுமோ என்று பயம். முப்பத்தாறில் முப்பத்து மூன்று எடுத்தாகிவிட்டது, மூன்று பாக்கி இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் செம்மாங்குழியில் இறங்கினேன். மூன்றாவது வளைவில் வேலியோரமாகக் குப்பண்ணன் பஞ்சு உதறிக்கொண்டிருந்தார். மீசை தலைமுடி எல்லாம் அவர் உதறுகிற பஞ்சின் நிறத்துக்கு வந்துவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க போட்டோக்காரரே" என்றார். "என்னுங், பஸ் லேட்டுங்ளா?"

அவ்வளவுதான் அவர் திட்டியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அதே லெதர் சூட், அதே நீட்டின கை. ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் அந்த இருபத்தேழு வயதுக் கண், விழப்போகிறோம் என்று இன்னும் முழுசாகத் தெரியாத கண். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். குப்பண்ணன் என் கையில் ஒரு தலையணையைக் கொடுத்து, "அழுதுட்டே உதறுங்க, வேல ஆவும்" என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் வசந்தாமணி ஒரு கையில் ஈரத்துணியும் இன்னொரு கையில் ஏணியுமாக வந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் தூசி துடைப்பது வழக்கமாம், நாளைக்காக இன்றும் வந்திருந்தாள். அன்று நான் பார்த்தபோது இருபத்திரண்டு வயதுப் பெண், இப்போது ஐம்பது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவள் மெல்ல ஏறி, கண்ணாடியைத் துடைத்து, கழுத்துப்பட்டையில் ஒட்டியிருந்த ஒரு பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, மேலிருந்தபடியே கேட்டாள்.

"ஏனுங்ணா, நாளைக்கு எறக்கி உட்ருவீங்ளா?"

"தெரியல அம்மிணி. பாக்கறேன்."

"எறக்குங்க. ஆனா நான் கிட்ட வரமாட்டனுங்."

"ஏம்மிணி?"

"எனக்கு அம்பதாச்சுங்ணா. மூட்டு வலி, சக்கரை, பல்லு ரெண்டு போயிருச்சு. அவரு எறங்கிக் கண்ணத் தொறந்து என்னையப் பாத்து, 'ஏனுங்கம்மா, என்ற பொண்டாட்டி எங்கீங்க'னு கேட்டா நான் என்னன்னு சொல்றது? வெள்ளிக்கெழமயானா வந்து இந்த மொகத்தத் தொடச்சு உடறேன். இது என்னைய ஒண்ணும் கேக்கறதில்ல. இதே போதும்னு இருந்துட்டனுங். புள்ளைக்குப் போதலியே, என்ன பண்றது?"

ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஊர் கூடிவிட்டது. களை பறிக்கிற பெண்கள், மில்காரர்கள், மெத்தை கொண்டுவந்த மருமகள்கள், பௌதீகத்துக்காரர், எல்லோரும் வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். ரேஸை நிறுத்தலாமா என்று யாரோ கேட்டதற்குக் கமிட்டிக்காரர்கள், அவனும் ரேஸில்தானே இருக்கிறான், நிறுத்தினால் அவன் எதில் வந்து இறங்குவான் என்று திருப்பிக் கேட்டார்கள். அது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. எனவே வண்டிகள் கிளம்பின. குப்பண்ணன் மஞ்சள் கொடியோடு அவர் இடத்தில் நின்றார், தாரணி துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு பஞ்சின் ஓரத்தில் நின்றது, வசந்தாமணியைக் காணவில்லை. நான் அன்றைக்கு நின்ற அதே மண்ணில் போய் நின்றேன்.

முதல் படத்தை அன்று போலவே ஆயிரத்தில் வைத்து அடித்தேன். போட்ட பூட்டை அதே சாவியால்தானே திறக்க வேண்டும் என்று என் கணக்கு. ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு வந்தது.

இரண்டாவதை, ஷட்டர் மெதுவாக மூடுகிற முப்பதில் வைத்து, முறைப்படி இடுப்பைத் திருப்பி எடுக்கப் பார்த்தேன். உடம்பு திரும்பியதே தவிர கண் தண்டபாணியை விட்டு நகர மறுத்தது. நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டே எப்படி ஓடுகிற ஆளைப் பின்தொடர்வது? பாதியில் கை தானாக நின்றுவிட்டது. அந்தப் படமும் வீணாயிற்று. தாரணி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தது. நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன், முட்டி வலி உயிர் போனது.

"என்னங்க நீங்க!" என்று கொடியை ஆட்டியபடியே குப்பண்ணன் சத்தம் போட்டார். "வந்ததுல இருந்து அவரவே மொறச்சுப் பாத்துட்டு நிக்கறீங்க. ஓடறவியளப் பாருங்க. அவியகூடக் கொஞ்ச நேரம் போயிட்டு வாங்க, ஒடம்பு சூடாவட்டும்!"

திட்டுதான், ஆனாலும் சொன்னது சரி. எழுந்தேன். ஷட்டரை அடிக்காமல் வெறும் கேமராவைக் கண்ணில் வைத்து வருகிற வண்டிகளோடு போக ஆரம்பித்தேன். ஒரு வண்டியோடு போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்து அடுத்த வண்டியோடு போனேன், அதை அனுப்பிவிட்டு அடுத்ததோடு போனேன், சிவப்பு வண்டியோடும் நீல வண்டியோடும் பேர் தெரியாத பையன்களோடும் போய்ப் போய் வந்தேன், ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று, வேலியும் ஜனமும் மரமும் கோடாகி, கோடு கலைந்து நிறமாகி, நிறம் கலைந்து காற்றாகி, என் இடுப்பு இருபத்தேழு வருடமாக மறந்திருந்ததை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டது, முட்டி எங்கே போனதென்று தெரியவில்லை, ஓசூர் எங்கே போனதென்று தெரியவில்லை, நான் ஒருத்தன் நிற்கிறேன் என்பதே தெரியவில்லை. அப்போது கடைசி வண்டிக்குப் பின்னால் ஒரு இடைவெளி வந்தது. அந்தக் காலி இடத்தோடு நான் திரும்பினேன். தண்டபாணி இருந்த இடத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, அவன் இந்த நேரத்துக்கு எங்கே இருந்திருக்க வேண்டுமோ அதைப் பார்த்துத் திரும்பினேன், ஒன்றுமில்லாத காற்றைப் பார்த்து ஷட்டரை அடித்தேன், அடித்த பிறகும் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தேன், வழியனுப்பிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் காற்றுக்குள் தண்டபாணி வந்தான். நடுவில் தெளிவாக அவன், சுற்றிலும் உலகம் கோடுகோடாக ஓடியது.

டாக்டர் சொன்ன அந்த 'டப்' எங்கள் எல்லோருக்கும் கேட்டது. படித்தவர் சொன்ன முப்பதடியைத் தாண்டி, சந்தேகத்துக்குப் போட்ட பஞ்சில் போய் அவன் விழுந்தான். பஞ்சு மேலே எழும்பி, மூன்றாவது வளைவு முழுக்க வெளுத்து, சாவகாசமாகக் கீழே இறங்கியது. குப்பண்ணன் மஞ்சள் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த பச்சைக் கொடியை எடுத்து விரித்துக் காட்டினார். எதிரில் வந்த பையன்களுக்கு அந்த வளைவில் பச்சைக் கொடி பார்த்துப் பழக்கமில்லை. இரண்டு பேர் குழம்பி நின்றே விட்டார்கள், ஒருத்தன் மட்டும் சுதாரித்துக்கொண்டு முந்திப் போனான்.

பஞ்சுக்குள்ளிருந்து தண்டபாணி எழுந்தான். "எவன்டா அது ட்ராக்குல மணலக் கொட்டுனது!" என்று கத்தினான். கையை உதறிப் பார்த்தான், காலை உதறிப் பார்த்தான், எல்லாம் இருந்தன. "வண்டி எங்க?" என்றான். ஹெல்மெட்டைக் கழற்றினான். அன்றைய வேர்வை நெற்றியில் அப்படியே இருந்தது. குப்பண்ணனைப் பார்த்தான், தெரியவில்லை. என்னைப் பார்த்தான், தெரியவில்லை. தாரணி ஓரடி முன்னால் வந்தது.

"சித்தெ தள்ளிக்கங்க அம்மிணி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, தண்டபாணி அதைத் தாண்டிப் போனான்.

தாரணியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இதற்காகவா எண்ணிக்கொண்டு வந்தது அந்தப் பிள்ளை? தண்டபாணி பஞ்சில் கால் புதையப் புதைய, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் போனான். கூட்டத்துக்குப் பின்னால், கம்பிவேலியின் கோடியில், முந்தானையைத் தலையில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி நின்றாள். வரமாட்டேன் என்றவள் வராமலிருக்க முடியாமல் வந்து, பார்க்கமாட்டேன் என்று அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவன் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான்.

"ஏ புள்ள!" என்று ஒரு அதட்டுப் போட்டான். "மாசமா இருக்கறவ இந்த வெயில்ல வந்து நிக்காதேன்னு காத்தால சொன்னனா இல்லியா?"

வசந்தாமணி திரும்பினாள். முந்தானை நழுவியது. நரைத்த தலை, சுருக்கம் விழுந்த கழுத்து, பல் போன வாய், எல்லாவற்றையும் வெயில் அவனுக்கு எடுத்துக் காட்டியது. அவன் எல்லாவற்றையும் பார்த்தான். பார்த்துவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் வராத கோபத்தில் அப்படியே நின்றான். அவன் முகத்தில் வேறொன்றும் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன், இல்லை.

அவள் அழவில்லை. முந்தானையை எடுத்து அவன் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"பொறந்துருச்சுங்க" என்றாள். "அதா நிக்குது பாருங்க. காத்தால இருந்து ஒண்ணுமே திங்கல."

தண்டபாணி திரும்பிப் பார்த்தான். தான் தள்ளிக்கச் சொன்ன பெண்ணை, காலிலிருந்து தலை வரைக்கும், மெதுவாகப் பார்த்தான். பிறகு வந்த வழியிலேயே பஞ்சை மிதித்துக்கொண்டு திரும்பி வந்தான். வலது கை உறையை உருவினான், உள்ளங்கையை லெதர் சூட்டில் இரண்டு தடவை துடைத்தான், கையைத் தூக்கினான். தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். தாரணி சரியாக அவன் உயரம். அது கொஞ்சம் குனிந்து கொடுத்தது.